சிவக்க மறுக்கும் தக்காளி



போன சித்திரையில் ஒரு கிராமத்தில் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு ஒரு பெரியம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். மடியிலே நாலு தக்காளி.

"தம்பி, இதைப் பாருப்பா. கிணத்தடித் தண்ணி பாயுற இடத்துல பத்துச் செடி வச்சேன். காய் நல்லாத்தான் பிடிச்சுது. ஆனா மஞ்சளாவே நிக்குது, சிவக்க மாட்டேங்குது. கடையில விக்கிறது மட்டும் ரத்தமாட்டம் சிவந்திருக்கு. அதை வாங்கி ரசம் வச்சா ருசியே இல்ல. என் விதை மோசமா, மண்ணு மோசமா? செடியப் பிடுங்கிப் போட்டுடலாம்னு பாக்குறேன்" என்றார்கள்.

"பிடுங்காதீங்க பெரியம்மா. விதையும் மோசமில்லை, மண்ணும் மோசமில்லை" என்று சொன்னேன். காயை எப்போது பறிப்பது, எங்கே வைப்பது என்று இரண்டே வார்த்தை சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏன் என்ற காரணத்தைச் சொல்ல நேரமில்லை. அந்தக் காரணத்தை இன்றைக்கு உங்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

அவர்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என் தக்காளி ஏன் சிவக்கவில்லை என்பது ஒன்று. சிவந்த தக்காளியில் ஏன் ருசியில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை தக்காளியின் சரித்திரத்தில் இருக்கிறது. கொஞ்சம் தூரம் போய்த்தான் திரும்ப வேண்டும். கூடவே வாருங்கள்.

எந்த ஊர்ச் செடி?

கத்தரி நம் நாட்டுக் காய். தக்காளி அப்படியில்லை. தென் அமெரிக்காவில் பெரு, ஈக்வடார் என்று இரண்டு நாடுகள் இருக்கின்றன. அங்கே கடலோரத்திலும் மலையடிவாரத்திலும் தானாக முளைத்துக் கிடந்த செடி இது. அந்தக் காட்டுத் தக்காளியை இன்றைக்கும் அங்கே பார்க்கலாம். நம்முடைய மணத்தக்காளியைவிடச் சற்றுப் பெரிய பழம். சுமார் ஒரு கிராம் எடைதான் இருக்கும். அது வடக்கே மெக்சிகோ நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயிருந்த குடியானவர்கள் பெரிய பழம் காய்த்த செடியிலிருந்து விதை எடுத்து விதைத்தார்கள். மறுபடியும் அதில் பெரியதைப் பொறுக்கினார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கித்தான் இன்றைய தக்காளி வந்தது. அவர்கள் மொழியிலிருந்த 'தொமாத்ல்' என்ற சொல்தான் ஸ்பானியர் வாயில் 'தொமாத்தே' ஆகி, ஆங்கிலத்தில் 'டொமேட்டோ' ஆனது.

1521இல் ஸ்பானியர்கள் மெக்சிகோவின் தலைநகரைப் பிடித்தார்கள். அதன் பிறகு தக்காளி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. 1544இல் மத்தியோலி என்ற இத்தாலிய வைத்தியர் இதைப் பற்றி எழுதி வைத்தார். இத்தாலிக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பொன் ஆப்பிள்'. பெரியம்மாவின் தக்காளி மாதிரி, அங்கே முதலில் போனதும் மஞ்சள் நிறத் தக்காளியாகத்தான் இருந்திருக்கும் என்று பலர் சொல்கிறார்கள்.

ஆனால் வெகுகாலம் பலர் அதைத் தின்னப் பயந்தார்கள். ஊமத்தை குடும்பத்துச் செடி, இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி நெடி, ஆகவே இதுவும் விஷம்தான் என்று நினைத்தார்கள். 1597இல் இங்கிலாந்தில் மூலிகை நூல் எழுதிய ஜெரார்டும் இதைப் பழித்துத்தான் எழுதினார். அழகுக்காகத் தொட்டியில் வளர்த்தவர்கள் உண்டு.

நம் ஊருக்குப் போர்த்துக்கீசியர் மூலமாக வந்தது என்பது பொதுவான கருத்து. நம்மவர்களும் குடும்பத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். ஆனால் அவர்கள் ஊமத்தையை நினைத்துப் பயந்தார்கள். நாம் மணத்தக்காளியை நினைத்து உறவு சொல்லிவிட்டோம். தக்காளி என்ற பெயர் முதலில் மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி போன்ற நம் ஊர்ச் செடிகளுக்கு உரியது. கடல் கடந்து வந்ததைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். நாளாவட்டத்தில் 'சீமை' உதிர்ந்துபோய், வந்தவனே வீட்டுக்காரன் ஆகிவிட்டான். ஆனாலும் பாருங்கள், பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றைக்கும் தக்காளி சேர்ப்பதில்லை. புளியும் மிளகும்தான். பாட்டிமார்களுக்கு யார் பழைய ஆள், யார் புது ஆள் என்பது நன்றாகத் தெரியும்.

காயா, பழமா?

காய்கறிக் கடையில் விற்கிறோம், ஆனால் 'தக்காளிப் பழம்' என்கிறோம். இது காயா, பழமா? இந்தக் கேள்வி அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அங்கே 1883இல் வந்த சட்டப்படி வெளிநாட்டுக் காய்கறிக்கு இறக்குமதி வரி உண்டு; பழத்துக்கு இல்லை. தக்காளி இறக்குமதி செய்த வியாபாரி, "இது பழம், கட்டிய வரியைத் திருப்பிக் கொடு" என்று வழக்குப் போட்டார். 1893இல் தீர்ப்பு வந்தது. "செடி சாஸ்திரப்படி பழம்தான். ஆனால் ஜனங்கள் இதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சமைக்கிறார்களே தவிர, பழம் மாதிரிச் சாப்பிடுவதில்லை. ஆகவே வரிக்குக் காய்கறிதான்" என்ற கருத்தில் நீதிபதிகள் முடிவு சொன்னார்கள்.

கோர்ட்டுக்குக் காய்கறி, ஆனால் நமக்குப் பழம். ஏனென்றால் வெண்டைக்காயைப் பறித்து வைத்தால் வாடும், பழுக்காது. முதிர்ந்த தக்காளியைப் பறித்து வைத்தால் வாழைத்தாரைப் போலத் தானாகப் பழுக்கும். இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

வெயில் பட்டால் சிவக்குமா?

வெயிலில் காய்ந்தால்தான் பழம் சிவக்கும் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் டுகர் என்ற செடியியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்து 1913இல் வெளியிட்டார். (இதே டுகர்தான் பின்னாளில், 1940களில், மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தவர்.) முதிர்ந்த பச்சைத் தக்காளியை 30 டிகிரி செல்சியசுக்கு மேலான சூட்டில் வைத்தார். பழம் பழுத்தது, மெத்தென்று ஆனது, ஆனால் சிவக்கவில்லை; மஞ்சளாகவே நின்றது. அதே பழத்தைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றினார். சிவப்பு ஏறத் தொடங்கியது!

விஷயம் இதுதான். தக்காளியில் இரண்டு நிறச் சரக்கு உண்டு. சிவப்புக்குக் காரணம் லைகோபீன். மஞ்சளுக்குக் காரணம் கரோட்டீன், கேரட்டில் இருப்பது. அதிகச் சூட்டில் கரோட்டீன் உண்டாகும். லைகோபீன் உண்டாவது நின்றுவிடும். செடிக்கு அந்தத் திறமை அழிந்துபோவதில்லை; சூடு தணியும்வரை சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சித்திரை வெயில் எவ்வளவு? நிழலிலேயே 38, 40 டிகிரி. நேர் வெயில் படும் காயோ சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி அதிகமாகச் சுடும். இலை உதிர்ந்து காய் வெளியே தெரிந்தால் அந்தப் பக்கம் வெளுத்து, தோல் சுருங்கி, வெந்தது மாதிரி ஆகிவிடும். பெரியம்மாவின் தக்காளி சிவக்காததற்குக் காரணம் இதுதான். விதை என்ன பாவம் செய்தது, மண் என்ன பாவம் செய்தது?

காய் விடும் மூச்சு

வெயில் பழுக்க வைப்பதில்லை என்றால், எது பழுக்க வைக்கிறது? இதைக் கண்டுபிடித்தது ஒரு வேடிக்கையான கதை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. குழாயில் எங்கே வாயு கசிந்ததோ, அங்கே மரங்கள் இலையைக் கொட்டின. காரணம் விளங்கவில்லை. ரஷ்யாவில் நெல்யூபோவ் என்ற இளைஞர் தம் ஆய்வுக்கூடத்தில் பட்டாணி முளைகட்டினார். முளை நேரே எழும்பாமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வளர்ந்தது. வெளிக்காற்றில் வைத்தால் நேராக வளர்ந்தது. ஆகவே கோளாறு அறைக் காற்றில்தான் என்று தேடினார். விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீன் என்ற ஆவிதான் காரணம் என்று 1901இல் எழுதினார்.

அடுத்த காட்சி அமெரிக்காவின் கலிபோர்னியா. எலுமிச்சையைப் பச்சையாகப் பறித்து, மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டிய அறையில் வைத்து மஞ்சளாக்குவார்கள். அடுப்பின் சூடுதான் மஞ்சளாக்குகிறது என்று நினைத்தார்கள். புகையில்லாத நல்ல முறையில் அறையைச் சூடாக்கிப் பார்த்தபோது எலுமிச்சை பச்சையாகவே நின்றது! வேலை செய்தது சூடு இல்லை, அடுப்பிலிருந்து வந்த ஆவி. அதிலும் எத்திலீன்தான் காரணம் என்று 1924இல் டென்னி என்பவர் நிரூபித்தார்.

இதைக் கேட்டு நம் வாழை விவசாயிகள் சிரிப்பார்கள். குழி வெட்டித் தாரை இறக்கி, சருகும் வறட்டியும் கொளுத்திப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது நம் தாத்தாக்கள் அறிந்த வித்தைதானே? புகைக்குள்ளே எத்திலீன் உண்டு. பெயர் தெரியாமலே அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

பெரிய அதிசயம் 1934இல் வந்தது. இங்கிலாந்தில் கேன் என்ற ஆய்வாளர், பழுக்கும் ஆப்பிள் தானாகவே எத்திலீனை வெளியே விடுகிறது என்று நிரூபித்தார். அதாவது வெளியிலிருந்து புகை வர வேண்டும் என்பதில்லை. காய் முதிர்ந்தால் தானே அந்த மூச்சை விட்டுத் தன்னைப் பழுக்க வைத்துக்கொள்கிறது. பக்கத்துக் காயையும் தூண்டிவிடுகிறது. கூடையில் ஒரு பழம் பழுத்தால் மற்றவையும் மளமளவென்று பழுப்பது இதனால்தான். தக்காளியும் இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சிலர் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைக்கிறார்கள். அதிலிருந்து வருவது எத்திலீனின் தம்பி மாதிரி இன்னொரு ஆவி. கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் போன்ற நச்சுக் கலப்பு உண்டு. பழத்துக்குக் கார்பைடு போடுவது சட்டப்படி குற்றம். 2011இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இந்தத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவைப் பழுக்கவைக்கும் அறைகளில், பத்து லட்சம் பங்குக் காற்றில் நூறு பங்குவரை பயன்படுத்த 2016இல் அனுமதி வந்தது. வீட்டுக்காரருக்கு இரண்டுமே வேண்டாம். காயே அந்த வாயுவை இனாமாகத் தயார் செய்கிறதே!

ருசி எங்கே போனது?

இப்போது பெரியம்மாவின் இரண்டாவது கேள்வி. கடைத் தக்காளி சிவப்பாக இருந்தும் ஏன் ருசியில்லை?

பழுத்த தக்காளி லாரிப் பயணம் தாங்காது. ஆகவே தூரத்துச் சந்தைக்குப் போவதைப் பச்சையாகவே பறிக்க வேண்டும். கொல்லைச் செடியில் காய் முதிர்ந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். ஏக்கர் கணக்கில் பறிக்கிற ஆளால் முடியுமா? முதிராத காயும் சேர்ந்து பெட்டிக்குள் போகிறது. அது நிறம் மாறினாலும் ருசி ஏறாது. நிறம் வேறு, பழுப்பு வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. அது 2012இல்தான் விளங்கியது. நாட்டுத் தக்காளிக் காயைப் பார்த்திருப்பீர்கள். காம்புப் பக்கம், அதாவது காயின் தோளில், கரும்பச்சையாக இருக்கும், கீழே வெளிர்பச்சை. அமெரிக்க வித்தகர்கள் சுமார் எழுபது ஆண்டுகளாக, உச்சி முதல் அடிவரை ஒரே வெளிர்பச்சையாக இருக்கும் செடிகளையே பொறுக்கி வந்தார்கள். எல்லாம் ஒரே சீராகச் சிவக்கும், பறிக்கும் பருவம் சுலபமாகத் தெரியும், பார்வைக்கும் லட்சணம் என்பது கணக்கு. கலிபோர்னியா, கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஓர் ஆய்வுக் குழு 2012இல் அந்தக் குணத்துக்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்தக் கரும்பச்சைத் தோள் சும்மா இல்லை. இலை மாவு தயாரிப்பது மாதிரி, காயின் தோளும் வெயிலைப் பிடித்துக் கொஞ்சம் சர்க்கரை தயாரிக்கிறது. தோளின் பச்சையைக் கழித்தபோது இனிப்பையும் கொஞ்சம் கழித்துவிட்டார்கள். அழகுக்குப் பொறுக்கினார்கள்; ருசி கைநழுவிப் போனது தெரியவில்லை.

சீக்கிரம் அழுகாத தக்காளிக்காகவும் பெரிய முயற்சி நடந்தது. பழுக்கவே பழுக்காத ஒரு வகைச் செடியைப் பற்றி 1968இல் அமெரிக்காவில் எழுதினார்கள். அதைச் சாதாரணச் செடியோடு ஒட்டுச் சேர்த்து, பல நாள் கெடாத வீரிய ரகங்களை உண்டாக்கினார்கள். 1994இல் மரபணுவை மாற்றி, மெதுவாக மெத்தென்று ஆகும் 'பிளேவர் சேவர்' என்ற தக்காளியை அங்கே விற்பனைக்கு விட்டார்கள். மூன்றே ஆண்டில் அது கடையிலிருந்து போய்விட்டது.

சந்தைக்குப் பயிரிடுகிறவரை நான் குறை சொல்லவில்லை. தூரம் தாங்காத பழத்தை அவர் எங்கே கொண்டுபோய் விற்பார்? அவருக்கு உறுதியான காய் வேண்டும்தான். ஆனால் அடுப்பங்கரைக்கும் கொல்லைக்கும் பத்தடி தூரம். பத்தடி போவதற்கு லாரித் தக்காளி எதற்கு? ருசியைக் காப்பாற்றும் இடம் இன்றைக்கு வீட்டுத் தோட்டம்தான்.

நம் ஊர் ரகத்திலும் ஒரு கதை இருக்கிறது. தேனிப் பக்கத்தில் 'அன்னஞ்சி' என்றொரு உள்ளூர்த் தக்காளி இருந்தது. அதில் மாற்றத்தைத் தூண்டிப் பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கியதுதான் பி.கே.எம்.1. தட்டை உருண்டையான காய், தோளில் அந்தப் பச்சை உண்டு, புளிப்பும் உண்டு. 'பெங்களூர்த் தக்காளி' வேண்டாம், 'நாட்டுத் தக்காளி' கொடு என்று தாய்மார்கள் கேட்பது காரணமில்லாமல் இல்லை.

கொல்லையில் என்ன செய்யலாம்?

முதலாவது, பருவம். ஆடி, ஆவணியிலும், கார்த்திகையிலும் நாற்று விட்டால் காய் பழுக்கும்போது கடும் கோடை இராது. 25 நாள் நாற்றை இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். குச்சி ஊன்றிக் கட்டுங்கள். தண்ணீரை ஒரே சீராக விடுங்கள். பத்து நாள் காயப் போட்டு ஒருநாள் வெள்ளமாக விட்டால் காய் வெடிக்கும். அடிப்பக்கம் கறுத்தும் போகும்.

இரண்டாவது, இலையைக் கழிக்காதீர்கள். இலைதான் காய்க்குக் குடை. கோடையில் மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வையுங்கள்.

மூன்றாவது, பறிக்கும் பருவம். காயின் அடிப்பக்கம் பச்சை வெளுத்து, காசு அகலத்துக்கு இளமஞ்சளோ ரோஜா நிறமோ தெரிகிறதா? அன்றைக்கே பறிக்கலாம். அதற்கு மேல் பழுக்க வேண்டியதைக் காய் தானே பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இன்னும் இரண்டு மூன்று நாள் செடியில் விடலாம். கோடையில் விட்டால் மஞ்சளாக நிற்கும். அணிலும் பறவையும் வேறு பங்குக்கு வரும். பச்சைக்காய் முதிர்ந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உள்ளே கொழகொழவென்றிருந்து, கத்தி படாமல் விதை வழுக்கி ஒதுங்கினால் முதிர்ந்தது. விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் இன்னும் நாள் இருக்கிறது.

நான்காவது, வைக்கும் இடம். ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். பழுக்க வெளிச்சம் வேண்டியதில்லை. வீட்டுக்குள் காற்றோட்டமான, குளிர்ந்த மூலையில், குடிதண்ணீர்ப் பானை இருக்கும் பக்கமாக, வைக்கோல் பரப்பி ஒற்றை அடுக்காக வையுங்கள். காம்புப் பக்கம் கீழே இருக்கட்டும். அவசரம் என்றால் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதத்தில் சுற்றி வையுங்கள். வாழைப்பழத்தின் மூச்சு தக்காளியை எழுப்பிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் பழுக்காததை வைக்காதீர்கள். அந்தக் குளிரில் பழுப்பதும் நிற்கும், மணமும் போகும்.

ஐந்தாவது, விதை. பி.கே.எம்.1 போன்ற ரகமானால் நல்ல செடியில் இரண்டு பழத்தைச் செடியிலேயே நன்றாகச் சிவக்கவிட்டு, சதையோடு பிழிந்து ஒருநாள் ஊறவைத்து, அலசி நிழலில் உலர்த்துங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடையில் வைத்து விற்றார்கள். இரண்டு மாதம் போகவில்லை, விலை சரிந்து பறிகூலிக்கும் கட்டாத நிலை பல இடங்களில் வந்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் கொல்லையில் பத்துச் செடி உள்ள வீட்டில் ரசம் நிற்காது. சந்தைக்குப் போடுகிறவருக்கும், நிறம் திரும்பும் பருவத்தில் பறித்து நிழலில் வைக்கத் தெரிந்தால் நாலு நாள் பொறுத்து விற்க வழியுண்டு. நாலு நாள் என்பது சில சமயம் முதலையே காப்பாற்றும்.

வைகாசியில் அந்த ஊர் வழியாகத் திரும்பவும் போனேன். பெரியம்மா செடியைப் பிடுங்கவில்லை. பானைக்குப் பக்கத்தில் முறத்தில் வைக்கோல் பரப்பித் தக்காளி வைத்திருந்தார்கள். கடைத் தக்காளி மாதிரி ரத்தச் சிவப்பு இல்லை. செம்மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம். அந்த வெயிலுக்கு அதுவே பெரிசு. "நிறம் பத்தலதான் தம்பி. ஆனா ரசம் வச்சிருக்கேன், ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்லு" என்றார்கள். சாப்பிட்டேன். நிறத்தைப் பற்றி அப்புறம் நாங்கள் இருவருமே பேசவில்லை.